அறுபது பேரும் தவறாமல் மருந்து சாப்பிடுகிறார்கள்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் லோகேஸ்வரன் அவர்களுக்கு,

ஜெலுத்தோங் ஆறாம் மாடியிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் சுகுமாரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சுபாஷினியும் நலம். பாகான் டாலாமில் நீங்களும் காமினி அக்காவும் நலமாக இருக்கத் தண்ணீர்மலையான் துணை செய்வான். போன மாதம் வந்தபோது உங்கள் இடது கால் பெருவிரலில் கட்டுப் போட்டிருந்தீர்கள். புதுச் சப்பாத்து கடித்துவிட்டது என்றீர்கள். இந்நேரம் ஆறியிருக்கும் என நம்புகிறேன். நலம் என்று மேலே எழுதியது கடிதத்துக்கு உரிய மரியாதை. உண்மையில் நலம் இல்லை. உங்கள் தங்கை என்னோடு சரியாகப் பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.

கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் வாட்சப்பை அவளுடைய மடிக்கணினியிலும் திறந்து வைத்த புத்திசாலி நானேதான். இங்கே நான் ஓர் எழுத்து தட்டினால் அங்கே அவள் கண் முன்னால் போய் விழுகிறது. நீங்கள் வேலைக்கு வரும் ஜவுளிக்கடைக்கே நேரில் வரலாமென்றால் மார்க்கெட் தெருவில் நான் தலைகாட்ட முடியாத நிலை. அதன் காரணமும் கீழே வருகிறது. முப்பத்து மூன்று வருடம் இந்த ஊருக்குத் தபால் கொடுத்தவன் தனக்காக ஒரு தபால் போட்டுக்கொண்டால் குற்றமில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் நர்ஸ் மிஸ்ஸியாக நின்ற கால், ஓய்வுக்குப் பிறகாவது உட்காரும் என்று பார்த்தேன். உங்கள் தங்கை ஐம்பத்தேழு வயதில் முதுகலை படிக்கக் கிளம்பினாள். படிப்பின் பெயர் உலகச் சுகாதாரம். உலகம் என்றதும் நான் அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். கடைசியில் அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட உலகம் மார்க்கெட் தெரு, குயின் தெரு, சூலியா தெருவில் பாதி. வகுப்பு நாளில் கானா நாட்டு டாக்டர் ஒருவர், நேபாளத்துப் பெண் ஒருத்தி என்று பலர் கணினித் திரையில் வந்து உட்காருவார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். மருந்தைக் கையில் கொடுத்த பிறகும் மனிதர்கள் ஏன் சாப்பிடுவதில்லை? கானாவிலும் சாப்பிடுவதில்லையாம். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இவளுக்கு அது ஆறுதல் இல்லை மச்சான். தன் கையால் மருந்துப் பையைக் கொடுத்து அனுப்பிய அதே ஆட்கள் காலை வெட்டி எடுப்பதற்காக வார்டுக்குத் திரும்பி வந்ததைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போனவள். "மருந்து குடுத்தோம்னு எழுதி வெச்சிருக்கோங்க. ஏன் சாப்புடலன்னு எங்கேயும் எழுதி வெக்கல" என்று சொல்வாள். அதற்காகத்தான் இந்தப் படிப்பு. பட்டம் வாங்கி மாலை போட்டுக்கொள்ள இல்லை.

முதலில் அவளே கேள்விப் படிவத்தை, நம்மாட்கள் பாரம் என்பதை, எடுத்துக்கொண்டு போனாள். சூலியா தெருவில் சிக்கந்தர் கடைக்குள் கால் வைத்ததும் உள்ளே ஒரு குரல், "மிஸ்ஸி வர்றாங்க" என்றது. அவ்வளவுதான். மேசை மேலிருந்த சீனி போட்ட தே தாரிக் எல்லாம் அடுத்த மேசைக்குப் போயிற்று. சீனியில்லாத கறுப்புத் தேநீர் ஒன்பது கிளாஸ் ஒரே நேரத்தில் சொல்லப்பட்டது. சிக்கந்தர் என்னிடம், "அண்ணே, மிஸ்ஸிக்கு முன்னால எவன் உண்மை பேசுவான்? டாக்டர்கிட்டகூடப் பேசிடலாம் லா" என்றார். இவளும் அதைப் புரிந்துகொண்டு ஏற்பாட்டை மாற்றினாள். ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற இனிப்பு நீருக்கோ, ரத்த அழுத்தத்துக்கோ மருந்து வாங்குகிற அறுபது பேர். பாரத்தில் பெயர் வேண்டாம், எண் போதும். அவரவர் தாமே நிரப்பி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். கொடுப்பதும் வாங்குவதும் மட்டும் என் வேலை. கேள்விகள் புரிகின்றனவா என்று பார்க்க முதல் பாரத்தை எனக்கே கொடுத்தாள். 'சென்ற மாதத்தில் எத்தனை நாள் மருந்தைத் தவறவிட்டீர்கள்?' என்ற இடத்தில் சுழியம் போட்டுக் கொடுத்தேன். நான் ஒழுங்காக மாத்திரை போடுகிறவன், அது உங்களுக்கே தெரியும்.

உறையைக் கொடுத்து உறையை வாங்குவதில் எனக்கு என்ன கஷ்டம்? ஆனால் கடிதம் என்றால் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார்கள், பாரம் என்றால் நம்மாட்கள் ஓர் அடி பின்னால் போகிறார்கள். நாணயம் மாற்றும் ஜபருல்லா, "கையெழுத்துப் போட்டா ஜாமீன் மாதிரி ஆயிடாதா அண்ணே?" என்று மூன்று தடவை கேட்டார். பூக்கடை மீனாட்சி கையில் நாரோடு, "எனக்கு நேரம் ஏது? நீங்களே போட்டுடுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா? கொஞ்சம் நல்லதா எழுதுங்க" என்றாள். அடுத்த கடைக்காரரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். சரி, படிப்பு தள்ளிப்போகக் கூடாதே என்று சிக்கந்தர் கடையில் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். எனக்கு எல்லாரையும் தெரியும். யார் வீட்டு மெத்தைக்கு அடியில் மாத்திரை கிடக்கிறது, யார் கிளினிக்குக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் விரதம் இருக்கிறார் எல்லாம் தெரியும். ஆனால் நம்பி ஒப்படைத்தவர்களைப் பற்றி எழுத்தில் தப்பாக எழுதுவது எப்படி? வாயால் ஆயிரம் சொல்லலாம், எழுத்து நிற்கும் அல்லவா? ஆகவே அறுபது பேரும் தவறாமல் மருந்து சாப்பிடுகிறார்கள், தினமும் அரை மணி நேரம் நடக்கிறார்கள், சீனியைத் தொடுவதில்லை என்று பதிந்தேன். மீனாட்சிக்கு மட்டும் நாற்பது நிமிட நடை போட்டேன், அவள் கேட்டுக்கொண்டதால்.

உறைகளை ஒட்டியே கொடுத்தேன், இவள் அப்படியே மேற்பார்வையாளர் டாக்டர் இஸ்ஸதியிடம் சேர்த்தாள். அந்த அம்மா நான்காம் நாள் கூப்பிட்டு, இந்த மூன்று தெருவைப் போல ஆரோக்கியமான இடம் உலகத்தில் எங்கேயும் கிடையாது, எல்லா டிக்கும் ஒரே நீலப் பேனாவில் ஒரே மாதிரி வால் வைத்திருக்கிறது என்று சொன்னாராம். இவள் பாரங்களைத் திரும்ப வாங்கிவந்து சாப்பாட்டு மேசை மேல் பரப்பினாள். "இது யாரு எழுதினதுங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். நான், "எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க" என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். ஒவ்வொரு பாரமாக எடுத்து அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு, அறைக்குள் போய்விட்டாள். ஏற்கெனவே ஒரு முறை தவணை நீட்டி வாங்கியாகிவிட்டது. ஆறு வாரத்துக்குள் அறுபது உண்மையான பாரம் வர வேண்டும், இல்லையென்றால் இந்தப் படிப்பு அத்தோடு முடிந்தது. இரண்டு வருடமாகக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தவள் மச்சான். என்னால் போயிற்று.

அன்றிலிருந்து என்னைக் கிளினிக் கவுண்டரில் முன்பின் தெரியாத ஆளைக் கூப்பிடுவது போல "என்சிக்" என்றுதான் கூப்பிடுகிறாள். "என்சிக், சாப்பாடு மேசையில இருக்கு." "என்சிக், உங்க சட்டை காஞ்சிருச்சு." பரிகாரம் செய்யலாம் என்று மார்க்கெட் தெருவுக்கு மறுபடியும் போனேன். நான் பாரத்தை நீட்டுவதற்குள் மீனாட்சி, "அண்ணே, நான் பாஸா?" என்று கேட்டாள். ஜபருல்லா கடையை விட்டு வெளியே வந்து தனக்கு எத்தனை மார்க் என்று கேட்டார். உங்களுக்கு ஏற்கெனவே முழு மார்க் கொடுத்தாகிவிட்டது, இப்போது பெயிலாகித் தாருங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது? திரும்பி வந்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஆகவே மச்சான், இது உங்களால் மட்டுமே தீரக்கூடிய காரியம். வரும் ஞாயிறு காலை முதல் ஃபெரியில் நீங்கள் அவசியம் வர வேண்டும். அண்ணன் சொன்னால் அவள் தட்டமாட்டாள். நான் செய்தது தப்புதான், ஆனால் கெட்ட எண்ணத்தில் இல்லை என்றும், இந்த வீட்டில் மருந்து விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாத மனுஷன் ஒருத்தன் உண்டென்றால் அது நான்தான் என்றும் அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்காக ஆட்டிறைச்சிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

காமினி அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் குடும்பத்தில் எல்லாரும் நோய்நொடியின்றி நூறு தைப்பூசம் காணப் பிரார்த்திக்கும்,

தங்கள் அன்பு மச்சான்,
சுகுமாரன்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். இதை மடித்து வைத்துவிட்டுத் தபால்தலை எங்கே என்று நான் தேடும்போது, "தகர டின்லதானே வெச்சிருப்பீங்க" என்று சொல்லி அவளே எழுந்து போய் எடுத்தாள். என்னிடம் பிஸ்கட் டின் இரண்டு உண்டு. அவள் திறந்தது மற்றது. அதில் தபால்தலை இல்லை மச்சான். இரண்டு வருட மாத்திரை இருந்தது. மேசையில் கொட்டி, நிறம் நிறமாகப் பிரித்து எண்ணினாள், வார்டில் எண்ணுவது போல. எண்ணி முடித்துப் புதுப் பாரம் ஒன்றை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். "ஏங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நானும் சொன்னேன். "தபால் பை தோள்ல இருந்த வரைக்கும் நான் நோயாளி இல்ல. அத குடுத்துட்டு வந்த வாரமே இந்த மாத்திரைப் பையைக் கையில குடுத்தாங்க. அத முழுங்கினா இனிமே இதுதான் நீன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்துச்சு. மிஸ்ஸி வீட்டுக்காரனுக்கே இனிப்பு நீர்னா உனக்கு அசிங்கம்னு வேற நெனச்சேன்." எல்லாவற்றையும் என் வார்த்தையிலேயே எழுதினாள். எழுதி முடித்து அந்தத் தாளை முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். "வார்டுல முப்பது வருஷம் கேட்டேங்க. ஒருத்தர்கூட இதச் சொல்லல" என்றாள். என்சிக் என்று சொல்லவில்லை. நாளையிலிருந்து இருவரும் சேர்ந்தே மூன்று தெருவும் போகிறோம். முதலில் நான் என் டின்னைத் திறந்து காட்ட வேண்டும், பிறகுதான் பாரம். அது அவள் உத்தரவு. மீனாட்சிக்குக் காட்ட எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. அறுபதுக்கு ஒருவர் குறைந்தபோது, நீங்களும் இனிப்பு நீர் மாத்திரைக்காரர், வாரம் மூன்று நாள் மார்க்கெட் தெருவுக்கு வருகிறவர்தானே என்று உங்களையும் சேர்த்து, உங்களுக்கும் சுழியம் போட்டிருந்தேன். வெறும் பாரம் ஒன்று இத்துடன் வருகிறது. நீங்களே எழுதி ஒட்டி வையுங்கள். காமினி அக்காவை எழுத விடாதீர்கள். சப்பாத்துக் கடி நாலு நாளில் ஆறும் மச்சான். முப்பத்து மூன்று வருடம் சப்பாத்தில் நடந்தவன் சொல்கிறேன். உங்கள் கட்டு அப்போதே மூன்று வாரப் பழசு. அதை இன்றுதான் அவளிடம் சொன்னேன். ஞாயிறு முதல் ஃபெரியில் நாங்கள் அங்கே வருகிறோம்.