தும்மலால் வகுத்த இதயம்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் போனில் முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் என்னைத் திட்டியிருக்க முடியாது. "அக்கா, உன் இதயம் பலவீனம். மூணு மாடி ஏறாதே, மூட்டையைக் கட்டிக்கிட்டு என் வீட்டுக்கே வந்துடு" என்றாயே, அதற்குப் பதில்தான் இது. வரமாட்டேன். கையில் சான்று இருக்கிறது, அதுவும் கம்ப்யூட்டர் போட்ட படம்.

விஷயத்தைக் கேள். என் பேத்தி கல்லூரிக் கடைசி வருட புராஜெக்டுக்காகக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் இதயம் செய்து வைத்திருக்கிறாள். அதன் துடிப்பை ஒரு நிஜ இதயத்தின் துடிப்போடு பக்கத்தில் வைத்துக் காட்டணுமாம். நிஜத்துக்கு நான். நெஞ்சில் ஒரு குட்டி மைக்கை ஒட்டிவிட்டு, "பாட்டி, ஒரு நிமிஷம் அசையாதே, பேசவே கூடாது" என்றாள். நானாவது, ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பதாவது! ஆனாலும் பேசவில்லை, தும்மல் வந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய? பிறகு அவள் ஏதோ தட்டினாள் பார், திரையில் என் துடிப்புக் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது, நடுவில் ஒரே ஒரு கம்பம். பிள்ளை முகம் வெளுத்துப்போச்சு.

"என்னடி, நான் செத்துட்டேனா?"

"சும்மா இரு பாட்டி. பொய் இதயம், உன் இதயம், ரெண்டு சத்தமும் வேற வேற அளவு. அதனால ஒவ்வொண்ணுலயும் எது ரொம்ப உயரமோ அதை ஒண்ணுன்னு வெச்சு, மத்ததையெல்லாம் அதால வகுக்கும்."

நான் படித்தது அஞ்சாம் வகுப்புதான், ஆனால் வகுத்தலில் என்னை அடிக்க ஆள் கிடையாது. "அடி அசடே, அந்தக் கம்பம் என் தும்மல்டி! தும்மலை ஒண்ணுன்னு வெச்சா என் இதயம் பாவம் எங்கே போய் நிக்கும்? அதை வெட்டி எறிஞ்சிட்டு மறுபடி வகு" என்றேன். வெட்டினாள், வகுத்தாள். அடேயப்பா! வரிசை கட்டி நிற்கிறது துடிப்பு, எல்லாம் ஒரே உயரம், நிமிஷத்துக்குச் சரியாக அறுபது. கீழ்வீட்டு நர்ஸ் வந்து பார்த்து, "இருபது வயசுக்காரிக்குக்கூட இப்படி அடிக்காதும்மா" என்று வாயைப் பிளந்தாள். படத்தை இதோடு வைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பார். மூன்று மாடி என்ன, முப்பது மாடி ஏறுவேன்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். நீயும் நூறு வருஷம் இரு, என்னைத் திட்டாமல்.

இப்படிக்கு,
இரும்பு இதயக்காரி, உன் அக்கா

பி.கு.: கவரை ஒட்டப்போனேன், பேத்தி கல்லூரியிலிருந்து ஓடி வந்தாள். "இது மனுஷ இதயம்தானா?" என்று அவள் வாத்தியார் கேட்டாராம். மைக்கின் ஒயரை இவள் சொருகவே இல்லை. கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே இருக்கும் மைக்கால், தன் சொந்தக் காதால் கேட்டது எங்கள் சுவர்க் கடிகாரத்தை! "ஒண்ணுன்னு தூக்கி நிறுத்தினதுல அந்தத் துளிச் சத்தம் பெருசாயிடுச்சு பாட்டி" என்று என் மடியில் விழுந்து சிரிக்கிறாள். வியாழக்கிழமைக்குள் திரும்பப் பதிவு செய்யணும். நிஜ இதயம் நான்தான் என்பதால் இப்போதும் வர முடியாது. படத்தைக் கிழித்துப் போடு. ஆனால் வெட்டி எறிந்த அந்தத் தும்மல் மட்டும் முழுக்க முழுக்க என்னுடையதுதான்.