பெரியப்பாவைச் சனிக்கிழமை வீட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்ளவும்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முதல் பாதி பொய்யாகப் போவதால் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஓய்வு பெற்ற பிறகு பெரியப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பெரியப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு, கல்லூரியை விட்ட பிறகு முதல் முறையாகப் பேனா பிடித்து எழுதுகிறேன். காலையில் கிளப் டிரைவர் உங்கள் தெரு வழியாகத்தான் போவார், அவர் கையில் கொடுத்தனுப்புவேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் தைரியம் போய்விடும். வருகிற சனிக்கிழமை பெரியப்பாவை மைதானத்துக்கு வரவிடாதீர்கள். எப்படியாவது.

கோபப்படாதீர்கள். இருபத்திமூன்று வருடம் அந்தக் கால்பந்து கிளப்பின் மேனேஜராக இருந்து பதினேழு கோப்பை வாங்கித் தந்த மனிதரை, அவர் பெயரை வைத்த கேலரியிலேயே உட்காரக்கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் என் வீட்டுக்காரர். நீங்கள் பார்த்துவைத்த மாப்பிள்ளை. ஒன்பது வருடம் பெரியப்பாவுக்குத் துணை மேனேஜராக பெஞ்சில் பக்கத்திலேயே இருந்தவர். மைதானத்தில் "டேய்", உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் "வாங்க மாப்பிள்ளை". இரண்டையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டவர். அவர் எட்டு ஆட்டத்தில் ஐந்து தோற்றிருக்கிறார், இரண்டு சமன், ஒன்று வெற்றி. அந்த ஒன்றும் எதிரணிக்காரன் தன் கோலிலேயே போட்டுக்கொண்டது.

நாற்காலி என்று எழுதியதும் ஞாபகம் வருகிறது, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. பொறுப்பேற்ற அன்று கிளப் தலைவரும் பத்திரிகைக்காரர்களும் சுற்றி நிற்க, போட்டோவுக்காக இவர் பெரியப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார், நாற்காலி அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் மேஜை தெரிகிறது, தலைவர் தெரிகிறார், என் வீட்டுக்காரரின் இரண்டு ஷூவின் அடிப்பாகம் தெரிகிறது. கீழே "புதிய மேனேஜர் பொறுப்பேற்றார்" என்று போட்டிருந்தார்கள். நாற்காலியை மாற்றுங்கள் என்றேன். "இருபத்திமூணு வருஷம் அவர் உக்காந்த நாற்காலி. நான் வந்து முதல் வேலையா அதைத் தூக்கிப் போட்டேன்னு பேரு வாங்கணுமா?" என்கிறார். இரண்டு மாதமாக ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. டிவியில் பார்க்கிறவர்கள், மேனேஜர் நிமிர்ந்துகூட நிற்கமாட்டேன் என்கிறார், நம்பிக்கையே போய்விட்டது போல என்று பேசிக்கொள்கிறார்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை அந்த ஒரு சொல். விடைபெறும் நாளில் பெரியப்பா அறைச் சாவியை இவர் கையில் கொடுத்து, அறையை ஒரு பார்வை பார்த்து, "பாத்துக்கோ" என்றாராம். அவ்வளவுதான், போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த வீட்டில் நாங்கள் சாப்பிடாமல்கூட ஆராய்ச்சி செய்திருக்கிறோம். "டீமை நல்லா கவனிச்சுக்கோன்னா?" என்று நான் கேட்டேன். "அப்படின்னா 'பாத்துக்கங்க மாப்பிள்ளை'ன்னு ஆசீர்வாதமா சொல்லியிருப்பார். இது 'பாத்துக்கோ'. எச்சரிக்கை மாதிரி இருந்துச்சு" என்கிறார். "யாரைப் பத்தி எச்சரிக்கை?" என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, "அவர் சொல்றப்போ கேப்டன் நாற்காலி முதுகுல கை வெச்சுக்கிட்டு நின்னான். அவர் கண்ணு அந்தப் பக்கம்தான் போச்சு" என்றார். சரி, கேப்டனை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள் என்றுதான் பெரியவர் சூசகமாகச் சொல்லியிருக்கிறார் என்று முடிவுகட்டி, பதினோரு வருடமாக ஆடிக்கொண்டிருந்த கேப்டனை பெஞ்சில் உட்காரவைத்தார். ஐந்து ஆட்டம் ஆகிறது. கேப்டன் இவரோடு பேசுவதில்லை. கேப்டனோடு சேர்ந்து பாதி டீம் பேசுவதில்லை. இதை நான்தான் கிளப்பிவிட்டேனோ, "யாரைப் பத்தி"ன்னு கேக்காம வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமோன்னு எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது பெரியம்மா.

ஆட்டக்காரர்கள் கேட்காமல் போனால் பெரியப்பா உடைமாற்றும் அறையில் போடுகிற சத்தத்துக்கு ஜன்னல் அதிரும் என்பார்கள். இவருக்குச் சத்தம் வராது. "இன்னும் கொஞ்சம் வேகமா ஓடினா நல்லா இருக்கும், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பவர். கத்துவதற்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, "உனக்கெல்லாம் வெக்கமா இல்ல? இதுக்கா உன்னை வெச்சிருக்கேன்?" என்று ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டி, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "அடிக்கிறாரா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஐயோ இல்லைங்க, ஃபுட்பால்" என்றேன். "எல்லாரும் ஏதாவது ஒரு காரணம்தாம்மா சொல்வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அன்றிலிருந்து மாடிப்படியில் இவரைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறார்.

வெளியில் இப்படி என்றால் வீட்டுக்குள் பாப்பா. இவர் உங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று பேப்பரில் போட்டாலும் போட்டார்கள், கேலரியே "மாப்ளே! வீட்டுக்குப் போ!" என்று கைதட்டிப் பாடுகிறது. மூன்று வயதுக் குழந்தை, மெட்டு நன்றாக இருக்கிறது, பிடித்துக்கொண்டாள். இவர் சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றும்போது ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு, "மாப்ளே, வீத்துக்குப் போ" என்று கைதட்டுகிறாள். "இதான்டா செல்லம் வீடு. இதுக்கு மேல எங்க போறது?" என்கிறார் இவர். இந்த வீடும் கிளப் கொடுத்ததுதான். குடிவந்தபோது கட்டிய பெட்டியில் இரண்டை நான் இன்னும் பிரிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கண்ணாடி. ஏழெட்டு வருடமாக நாடே பார்த்ததுதான். ஆட்டம் கைவிட்டுப் போகிற நேரத்தில் பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைப்பார். ஆளை மாற்று என்று அர்த்தம். யாரை என்று வாய் திறந்து சொன்னதே கிடையாது. பக்கத்திலிருக்கும் இவர்தான் அவர் மனதில் உள்ள நம்பரைப் படித்து, பலகையில் போட்டு உயர்த்திக் காட்டுவார். ஒருதடவைகூடத் தப்பாகப் படித்ததில்லையாம். கல்யாணத்துக்கு முன்பு தன்னைப் பற்றி இவர் என்னிடம் சொன்ன ஒரே பெருமை அதுதான். (என் மனதையும் அப்படிப் படிப்பார் என்று நம்பித்தான் தலையாட்டினேன். அது வேறு கடிதம்.) இப்போது படிக்கப் பக்கத்தில் மனது இல்லை. ஆட்டம் கெட்டுக்கொண்டே போகும், இவர் முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பெரியப்பா உட்கார்ந்திருந்த இடத்தையே திரும்பித் திரும்பிப் பார்ப்பார், ஆள் மாற்றவே மாட்டார்.

போன சனிக்கிழமை என்ன நடந்தது என்று பெரியப்பா சொல்லியிருக்கமாட்டார். ஒன்றுக்கு ஒன்று சமனாக இருந்தது, நன்றாகத்தான் ஆடினார்கள். லேசாகத் தூறல். கேமராக்காரன் கேலரியில் இருந்த பெரியப்பாவைப் பெரிய திரையில் காட்டினான். அந்த நேரம் பார்த்து அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியம்மா, எங்கள் ஆட்களில் மூன்று பேர் விறுவிறுவென்று வெளியே நடந்துவந்துவிட்டார்கள். நம்பர் யாரும் காட்டவில்லை அல்லவா, அன்றைக்குச் சொதப்பிய மூன்று பேரும் ஆளாளுக்குத் தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். நடுவர் ஓடிவந்து, "யாரைக் கேட்டு வெளிய வந்தே?" என்று மஞ்சள் அட்டையைக் காட்ட, ஒன்பதாம் நம்பர்காரன், "பெரியவர் கண்ணாடியைக் கழட்டிட்டாரு சார்" என்று மேலே கை காட்டினான். இந்தப் பேச்சு முடிவதற்குள் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு நம் கோல்கீப்பர் இரண்டு வாங்கிவிட்டார்.

அன்று மாலையே கிளப் தலைவர் போன் செய்தார். "உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு. சனிக்கிழமை பார்த்துட்டுப் பேசுவோம்" என்றார். நான் புள்ளியியல் படித்தவள். பெரிய மேனேஜர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் பட்டியல் ஒன்று தயாரித்து, தலைவர் முழு நம்பிக்கை தெரிவித்த பிறகு அவர்கள் எத்தனை நாள் நின்றார்கள் என்று சராசரி எடுத்தேன். எண்ணை உங்களிடம் சொல்லமாட்டேன். பாப்பாவின் இருமல் மருந்து பாட்டில் அதைவிட அதிக நாள் வரும்.

அதனால்தான் கெஞ்சுகிறேன். சனிக்கிழமை முழங்கால் தாங்கவில்லை என்று படுத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒழுகுகிறது என்று சொல்லுங்கள். ஒரு கால் ஷூவை மட்டும் ஒளித்து வையுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் அந்தக் கண்ணாடியையே பரண்மேல் போட்டுவிடுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் தெரியவேண்டாம். அவர் முகத்தில் அப்புறம் நான் எப்படி விழிப்பேன்? அவர்தானே என்னைக் கைபிடித்து மணமேடை ஏற்றியவர்.

பெரியவர்களான உங்கள் இருவரின் காலையும் இங்கிருந்தே தொட்டுக்கொள்கிறேன். ஆசி எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவையும் சனிக்கிழமை மூன்று மணிக்கு முன்னால் வந்துசேரும்படி அனுப்பவும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப்போன நேரம் போன். பெரியப்பா! நீங்கள் தூங்கிவிட்டீர்களாம், மெதுவாகப் பேசினார். "சனிக்கிழமை நான் வரலைம்மா" என்றார். கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வாய் என்னவோ "ஏன் பெரியப்பா?" என்று கேட்டுவிட்டது.

"பயமா இருக்கும்மா."

"உங்களுக்கா?"

"பின்ன? பயம் வந்தா என்னால பாக்க முடியாது. அதான் கண்ணாடியைக் கழட்டிடுவேன். போன வாரம் கழட்டினேன், பாரு என்ன ஆச்சுன்னு."

"அப்போ ஆளை மாத்தச் சொல்றதுக்கு இல்லையா?"

"கண்ணாடி இல்லாம எதிர்ல நிக்கிறது ஆளா கம்பமான்னே எனக்குத் தெரியாது. நான் யாரை மாத்தச் சொல்றது? முதல்ல எல்லாம் நானேதான் மாத்துவேன். கப்பு சேரச் சேரப் பயமும் சேந்துச்சு. ஒருநாள் தாங்காம கழட்டினேன். மாப்பிள்ளை என்ன நினைச்சாரோ, போர்டைத் தூக்கிட்டாரு, ஜெயிச்சுட்டோம். அப்புறம் எல்லாம் அவர் போட்ட நம்பர்தான். சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். 'உங்க மனசுல இருந்ததைத்தான் ஐயா போட்டேன்'னு சந்தோஷமா வந்து நிப்பாரு. அந்த முகத்தைப் பாத்து எப்படிம்மா சொல்ல?"

பிறகு அவரே, "ஆமா, கேப்டனை ஏன் உக்கார வெச்சிருக்காரு? பெருசா ஏதோ திட்டம் இருக்கும்னு நான் வாயே தொறக்கல. அப்புறம் அந்த நாற்காலிக் காலை மாத்தியாச்சா? சாவி குடுக்கறப்பவே சொன்னேனே, ஆடுது பாத்துக்கோன்னு" என்றார்.

ஆடுது என்பதை அவர் மனதுக்குள் சொல்லியிருக்கிறார் பெரியம்மா. வாயில் வந்தது பாதிதான்.

போய் இவரிடம் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில் பதினோரு டம்ளரை நிறுத்தி நகர்த்திக்கொண்டிருந்தார். நாற்காலிக்குச் சிரித்தார். கேப்டனுக்குத் தலையில் அடித்துக்கொண்டார். கண்ணாடிக்கு ஒரு டம்ளரை எடுத்து மேஜைக்கு வெளியே வைத்தார். "ஒம்பதாம் நம்பர் சனிக்கிழமை எறங்கமாட்டான். கேப்டன் ஆடுவான்" என்றார். யார் முகத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால் மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பெரியப்பாவைக் கட்டாயம் அனுப்பிவையுங்கள், இரண்டு காலிலும் ஷூவோடு. கேமரா எட்டாத தூணுக்குப் பின்னால் மூன்று இடம் பிடித்து வைக்கிறேன். பயம் வந்தால் அவர் கண்ணாடியைக் கழற்றட்டும், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆட்டத்தைப் பாப்பா பாத்துக்கட்டும்.