மதியத் தூக்கத்தில் பாடம் படித்த சென்சார்

தைச்சுங்,
பட்டறையிலிருந்து.

அன்புள்ள மைத்துனன் சுங்-யுவானுக்கு உன் அக்கா கணவன் மௌ-ஷெங் எழுதிக்கொள்வது. உன் அக்கா நலம். நானும் நலம். நலமில்லாதது நீ அனுப்பிய சென்சார் ஒன்றுதான். தயவுசெய்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்.

எதற்காக அனுப்பினாய் என்பதை நான் மறக்கவில்லை. ஹுவாலியன் கடலைப் பார்க்க வேண்டும் என்று உன் அக்கா சியூ-லான் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள், அலுமினியம் சீவுகிற கட்டர் எப்போது மழுங்கும் என்பது என் காதுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் நான் மெஷினை விட்டு நகர்ந்ததே இல்லை, அதனால்தான் ஒரு கிண்ணம் மாட்டிறைச்சி நூடுல்ஸ் விலைகூட இல்லாத அந்தச் சென்சார் சில்லைக் காந்தத்தில் ஒட்டி அனுப்பி, "மாமா, இனிமே இது கேட்டுக்கும், நீங்க அக்காவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க" என்றாய். புதுக் கட்டர் போட்டு, சத்தமில்லாத நேரமாகப் பார்த்து ஒரு வாரம் கேட்கவிடுங்கள், நல்ல கட்டரின் ஓசை இன்னதென்று அதுவே படித்துக்கொள்ளும் என்றும் சொன்னாய்.

எங்கள் தெருவில் சத்தமில்லாத நேரம் எது? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாப் பட்டறையிலும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிற நேரம்தான். ஷட்டரைப் பாதி இறக்கி, மடக்குக் கட்டிலை மெஷினோடு ஒட்டிப் போட்டுப் படுத்தேன். எவ்வளவு நல்ல தூக்கம் தெரியுமா? சைக்கிள் சக்கரத்துக்கான அலுமினிய வளையத்தைக் கட்டர் மெல்லச் சீவுகிறது, சூடு தணிக்கிற கூலண்ட் பால் மாதிரி வழிகிறது, அந்த ஓசை கனவுக்குள் வந்து கடலாகிவிடுகிறது, நானும் உன் அக்காவும் செருப்பு நனையாமல் அலைமேல் நடக்கிறோம், அவள் என்னைத் திட்டவே இல்லை.

வாரம் முடிந்தது, பெட்டி கட்டினோம், மெஷின் மக்கர் பண்ணாமல் இருக்க எல்லோரும் அதன் தலையில் வைக்கிற பச்சைப் பொட்டலத் தின்பண்டம்கூடக் காலாவதித் தேதி பார்த்துப் புதிதாக வைத்தேன், வாசலைத் தாண்டவில்லை, போனில் செய்தி: கட்டர் மழுங்கிவிட்டது. ஓடிப்போய் லென்ஸ் வைத்துப் பார்த்தால் முனை புதுக் கருக்கு அழியாமல் இருக்கிறது. மாற்றினேன், அதுவும் மழுங்கிவிட்டதாம். அலுத்துப்போய்க் கட்டிலில் சாய்ந்து கண்ணயர்ந்தேன், போன் வாயை மூடிக்கொண்டது. உன் அக்காதான் கண்டுபிடித்தாள். "என்னங்க, அது கட்டரை மட்டுமா படிச்சுது? உங்க குறட்டையையும் சேத்துல்ல படிச்சு வச்சிருக்கு."

பக்கத்துப் பட்டறை ஷுய்-மு எனக்குப் பதிலாகப் படுத்துக் குறட்டை விட்டுப் பார்த்தான். கட்டர் உடைந்தே போய்விட்டது என்று செய்தி வந்தது. "யோவ், உன் குறட்டையில அப்படி என்னய்யா விசேஷம்?" என்று கோபித்துக்கொண்டு போனவன் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆக, மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் இப்போது படுத்துக்கொண்டிருக்கிறேன், ஹுவாலியன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சியூ-லான் கட்டிய பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு மனசு தாங்கவில்லை.

உன் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கி நன்றாக எழுந்திருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
மௌ-ஷெங்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மதியமாகிவிட்டது, படுத்தேன். புதுக் கட்டர், பக்கத்தில் நான், வழக்கமான தூக்கம். இருந்தும் போன் அலறியது. விழித்துப் பார்த்தால் உன் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என்னை உலுக்கிக்கொண்டிருக்கிறாள். கட்டரைக் கழற்றி லென்ஸில் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. "கட்டருக்கு ஒண்ணும் ஆகல. நீங்கதான் நடுவுல மூச்சே விடாமக் கிடந்தீங்க" என்றாள். சென்சாரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம். இனிமேல் என் மூச்சைக் கேட்கட்டும் என்று அதைப் பிடுங்கி எங்கள் இரும்புக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டாள். நாளைக்கு டாக்டர், அவர் விட்டால் அங்கிருந்து நேராக ஹுவாலியன் ரயில். ஆர்டர் போனால் போகட்டும் என்று நானே சொன்னேன். அவள் நம்பாமல் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.