கத்தரிக்காய் மாடு

நாகரத்தினம் அன்று குழம்பில் போட்ட கத்தரிக்காய்களில் ஒன்றுக்கு நான்கு கால்கள் இருந்தன. மாடிப்படி ஓரத்தில் ஈர்க்குச்சிக் கால்களில் நின்றுகொண்டிருந்தது. யாரோ விளையாட்டுக்குச் செருகி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, குச்சிகளைப் பிடுங்கிவிட்டு நறுக்கிப் போட்டாள். கணவர் காயாரோகணம் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாடியில் குடியிருக்கும் யூகோ இறங்கி வந்தாள். மயிலாடுதுறைக்கு வந்து நர்ஸிங் மாணவிகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் பெண்.

"அம்மா, இங்க ஒரு மாடு நின்னுச்சே?"

தனக்குத் தெரிந்த தமிழில் அவள் விளக்கினாள். அவர்கள் ஊரில் ஆகஸ்டில் ஓபோன் பண்டிகை. இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். சீக்கிரம் வந்து சேர வெள்ளரிக்காயில் குதிரை செய்வார்கள். மெதுவாகத் திரும்பிப் போகக் கத்தரிக்காயில் மாடு.

"வெள்ளரிக்காய்க் குதிரை எங்க?" என்று கேட்டாள் நாகரத்தினம்.

"தாத்தாதான் ஏற்கெனவே வந்துட்டாரே. போறதுக்குத்தான் மாடு வேணும்."

நாகரத்தினம் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். அடுத்த வாரம் திருக்கடையூரில் காயாரோகணத்துக்கு அறுபதாம் கல்யாணம். வீடு நிறைய உறவுக்காரர்கள் வருவார்கள். இந்த நேரத்தில் ஒரு ஜப்பான்காரர் திரும்பிப் போக வழியில்லாமல் மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

உடனே கடைக்கு ஓடினாள். உருண்டைக் கத்தரிக்காய்தான் கிடைத்தது. துடைப்பக் குச்சி செருகியதும் மாடு பன்றி மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் மாடியில் மாமனார் காலத்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்க்க நிறுத்தி வைத்தாள். காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அது வீட்டைப் பார்த்து நின்றது. திருப்பி வைத்தாள். துணியை மடித்து முடிப்பதற்குள் மறுபடி வீட்டைப் பார்த்தது. காற்றே இல்லை. ஊஞ்சல் மட்டும் லேசாக ஆடியது. புகையிலை வாசனை வந்தது. ஜப்பானிலும் புகையிலை போடுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகக் கீழே இறங்கினாள்.

கடைசி நாளில் ஆற்றில் விளக்கு விட்டு வழியனுப்புவதும் உண்டு என்று யூகோ சொல்லியிருந்தாள். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. சாயங்காலம் காயாரோகணத்தையும் இழுத்துக்கொண்டு துலாக்கட்டத்துக்குப் போனாள். தொன்னையில் அகல் ஏற்றி விட்டாள். மற்றவர்கள் விட்ட பூவும் இலையும் கிழக்கே போயின. அவளுடைய விளக்கு நடு ஆறு வரை போய் நின்றது. பிறகு ஓட்டத்தை எதிர்த்து மெதுவாகத் திரும்பி வந்து, அவள் காலடிப் படியில் முட்டியது. சுடர் அசையவே இல்லை. அதுவரை கேலி செய்துகொண்டிருந்த காயாரோகணம் விறுவிறுவென்று ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மரியாதையாகச் சொன்னால் கேட்பார் என்று தோன்றியது. 'பத்திரமாகப் போய் வாருங்கள்' என்பதை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது என்று யூகோவிடம் கேட்டு மனப்பாடம் செய்தாள். மறுநாள் காலை ஊஞ்சலுக்கு முன்னால் நின்று, இடுப்பு வரை குனிந்து சொன்னாள். ஊஞ்சல் நின்றது. அப்பாடா என்று நிமிர்ந்தாள். யாரோ எரிச்சலோடு தொண்டையைச் செருமினார்கள். ஊஞ்சல் முன்னைவிட வேகமாக ஆட ஆரம்பித்தது.

நாகரத்தினம் யூகோவின் அறைக்கதவைத் தட்டினாள்.

"உங்க தாத்தாவை நீயே அனுப்பி வைம்மா. உங்க பாஷையிலேயே சொல்லிப் பாத்துட்டேன், காதுலயே வாங்க மாட்டேங்குறாரு."

யூகோ குழப்பத்தோடு அவளைப் பார்த்தாள்.

"எங்க தாத்தா ஒசாகாவுல உயிரோட இருக்காரும்மா, ஊஞ்சல்ல இருக்கிறது உங்க மாமனார், அவருக்கு எப்படிங்க ஜப்பான் பாஷை புரியும்?"