எதிலும் ஒரு பிரவுசரைத் திணிப்பவர்

மனித குலத்தில் இப்படி ஓர் இனம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டாலும் பாதகமில்லை, அவர் கைவரிசை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே குடியேறியிருக்கும். வலைத்தளம் பார்க்க நாம் திறக்கிறோமே பிரவுசர், அதை அடியோடு பெயர்த்தெடுத்து, தான் எழுதும் ஒவ்வொரு குட்டி மென்பொருளின் வயிற்றுக்குள்ளும் முழுசாகத் திணித்து அனுப்புகிறவர் அவர். கூட்டல் போடும் மென்பொருளா? உள்ளே ஒரு பிரவுசர். அலாரமா? பிரவுசர். தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்துவதா? அதற்குள்ளும் ஒன்று, தாகத்தோடு உட்கார்ந்திருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிவைத்த மகராசன் இவரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டான்.

நம் கதாநாயகருக்கு ஆபீசில் 'மூட்டைக்காரர்' என்று பெயர். ஏன் இந்தச் சுமை என்று யாராவது வாயைக் கொடுத்தால் தீர்ந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இப்பல்லாம் மெமரி ஒரு விஷயமா?" என்று ஆரம்பித்து, "ஒரு தடவை எழுதினா எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடும்ல?" என்று ஏறி, "என் மிஷின்ல நல்லாத்தானே ஓடுது!" என்று சிகரத்தில் கொடி நடுவார். அவருடைய மிஷின் போன மாதம் வாங்கியது. அதில் எதுதான் ஓடாது?

இந்த மனிதருக்கு ஓர் அக்கா. கால்நடை டாக்டர். புதிதாகச் சொந்த கிளினிக் திறக்கிறாள். சின்ன வயதிலிருந்து தம்பி செய்து கொடுத்த எதுவும் அவளிடம் ஒரு வாரம் தாங்கியதில்லை. போன வருடம் செய்து கொடுத்த அலாரம்கூட, அவள் பஸ்ஸைத் தவறவிட்ட பிறகுதான் அடித்தது. அதனால் பாருங்கள், 'என் தம்பி செஞ்சது' என்று அவள் வாயால் நாலு பேரிடம் சொல்லிக் கேட்கவேண்டும் என்பது இவருடைய வாழ்நாள் ஏக்கம்.

"சுவத்துல ஒரு டிவி மாட்டியிருக்கேன். அடுத்தது யாருன்னு நம்பரும் பேரும் தெரியணும். அவ்வளவுதான்டா" என்றாள் அக்கா.

"ஜமாய்ச்சிடலாம்க்கா! எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடுற மாதிரி பண்றேன்."

"என்கிட்ட ஒரே ஒரு கம்ப்யூட்டர்தானே இருக்கு?"

"நாளைக்கு பத்து கிளினிக் திறந்தா?"

"முதல்ல ஒண்ணைத் திறக்க விடு. இதுவும் சொதப்பினா, நான் கரும்பலகையும் சாக்பீஸும்னு போயிடுவேன். அப்புறம் உன்னை எதுக்கும் கேக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தைத்த வேகத்தில் போய் என்ன செய்தார்? பிரவுசரைத் திணித்தார். வேறென்ன தெரியும் அவருக்கு? எண் மாறும்போது வண்ணம் மாறும், பெயர் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வரும், ஓரத்தில் ஒரு பாதச்சுவடு நடந்து போகும். பார்க்கிறவர்களுக்கு இது பிரவுசர் என்றே தெரியக்கூடாது என்று, மேலே இருக்கும் முகவரிப் பட்டையையும் பின்னால் போகும் பொத்தானையும் அழகாகச் சீவி எறிந்தார்.

திறப்பு நாள். அக்காவின் கம்ப்யூட்டர், பாவம், கிழம். குருவி தலையில் பனங்காயை வைத்தால் குருவி என்ன செய்யும்? விசிறி உய்ய்ய் என்று இரைய, பெட்டி தோசைக்கல்லாகச் சூடேற, ஏழாம் நம்பர் சீட்டோடு வந்திருந்த பூனை தன் எஜமானியின் மடியிலிருந்து குதித்துப் போய் அதன்மேல் சுருண்டு படுத்தது. 'வாடிக்கையாளருக்குப் பரம திருப்தி' என்று மூட்டைக்காரர் பூரித்துப் போனார். நம்பர்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. பாதச்சுவடு நடந்தது. அக்கா கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, கூண்டோடு காத்திருந்த கிளிக்காரரிடம், "இது என் தம்..." என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அது நடக்கவேண்டும்!

வரவேற்பு மேஜையிலிருந்த பெண், ஒரு நாயின் போட்டோவை அதன் ஃபைலில் சேர்க்க மவுஸால் இழுத்துக்கொண்டு போனாள். கை நழுவி, படம் மூட்டைக்காரருடைய மென்பொருளின் ஜன்னலுக்குள் விழுந்தது. ஒழுங்கான மென்பொருளாக இருந்தால் 'இது எனக்கெதற்கு?' என்று சும்மா இருந்திருக்கும். உள்ளே இருப்பதோ பிரவுசர்! எதைப் போட்டாலும் திறந்து காட்டுவது அதன் பிறவிக் குணம். திறந்தது. நம்பர் போச்சு, பெயர் போச்சு, பாதச்சுவடு போச்சு. சுவர் முழுக்க ஒரே ஒரு நாய், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

அறையிலிருந்த ஐந்து நாய்களும் அண்ணாந்து பார்த்தன. பிறகு குரைத்தன பாருங்கள்! கிளி கத்தியது. முயல் கூடையை உதைத்தது. பூனை மட்டும் எழுந்திருக்கவில்லை.

"சார், பழைய பக்கத்துக்கு எப்படிப் போறது?" என்று அலறினாள் வரவேற்புப் பெண்.

"பேக் பட்டனை அமுக்கும்மா!"

"எங்க சார் இருக்கு?"

"அதை... அதை நான்தான் எடுத்துட்டேன். அழகுக்காக."

பதினான்கு பேரின் வரிசை அந்தப் பக்கத்தோடு போயே போய்விட்டது. "நான்தான் அடுத்தது!" என்று பதினான்கு பேரும் எழுந்தார்கள். அக்கா வந்தாள். கையுறையைக் கழற்றினாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு கரும்பலகையை எடுத்தாள். ஆமாம், முன்கூட்டியே வாங்கி ஒளித்து வைத்திருந்தாள்! தம்பியைத் தெரியாதா அவளுக்கு? இரண்டே நிமிடத்தில் வரிசை தயார்.

"நம்பர் மட்டும்தானேடா கேட்டேன்" என்றாள், திட்டாமல். திட்டியிருந்தால் தேவலை.

மூட்டைக்காரர் இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்தார். பிரவுசரைக் கையாலும் தொடவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு நம்பர், ஒரு பெயர், அவ்வளவே. கொண்டுபோய்ப் போட்டார். விசிறி அடங்கியது. பெட்டி குளிர்ந்தது. கட்டு மாற்ற வந்திருந்த அதே பூனை ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு, முகம் சுளித்து இறங்கிப் போனது. ஒரு வாரம் தாண்டியது, இரண்டு வாரம் தாண்டியது, கரும்பலகை பீரோவுக்குப் பின்னால் திரும்பிப் போனது. "என் தம்பி செஞ்சது" என்று அக்கா கிளிக்காரரிடம் முழுசாகவே சொன்னாள். இவர் காதால் கேட்டார். ஆனந்தத்தில் அங்கேயே அழுதுவிட்டார், நான் என்ன மறைக்கப் போகிறேன்?

கதை இதோடு முடிந்திருக்கலாம். அக்கா விட்டால்தானே!

"டேய், அன்னைக்கு வந்த அந்த நாய்ப் படம் நல்லா இருந்துச்சுடா. எல்லாரும் கேக்கறாங்க. நம்பருக்குப் பக்கத்துல சும்மா ஒரு படம் வரட்டுமே? கீழ மணி. அப்படியே மழை வருமான்னு ஒரு வரி. அப்புறம் அந்தப் பாதச்சுவடு..."

மூட்டைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"அதுக்கென்னக்கா, உள்ள ஒரு சின்ன பிரவுசர் வச்சா..."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் 'அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டு 'அப்படியே' என்று ஆரம்பிக்கிற அக்கா நீங்கள் இல்லையே? இரண்டு நாள் பயணத்துக்கு இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துத் தூக்குகிற தம்பி நீங்கள் இல்லையே? எதற்கும் உங்கள் கம்ப்யூட்டர் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மெல்லத் திரும்பிப் பாருங்கள், பூனை அதைத் தேடிக் கிளம்பியிருக்கும்.