ஆறு வட்டம் போட்ட படகு

வியாழக்கிழமை காலை படகடியில் நின்றவர்கள் மூன்று பேர். படகின் சொந்தக்காரர் குணரத்தினம், அவர் மனைவி இராசமலர், பக்கத்தில் இன்ஜின் திருத்தும் கடை வைத்திருக்கும் றுவைஸ். படகின் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதையும் சேர்த்தால் நான்கு.

முந்தின நாள் பின்னேரம் துறைமுக வாயிலில் காற்றுக் கிளம்பி, கடல் குணரத்தினத்தைப் படகோடு தூக்கித் தூக்கிப் போட்டிருந்தது. முதுகு நொந்தது. ஆனாலும் கரையேறும்போது அவருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசப் புழுகம். அடிபட்ட படகென்றால் சோதித்துத்தானே பார்க்க வேண்டும்? சோதித்தால் குறை அகப்படும். குறை அகப்பட்டால் வெள்ளிக்கிழமையிலிருந்து தப்பலாம்.

வெள்ளிக்கிழமை கிளிவெட்டியிலிருந்து இராசமலரின் தமக்கை குணேஸ்வரி குடும்பம், ஆட்கள் ஏழு, படகில் துறைமுகம் பார்க்க வருகிறார்கள். போன முறை அந்த ஏழு பேரும் ஏழு திசையைக் காட்டி அவருக்குப் படகோட்டப் பழக்கினார்கள். நான்கு பேர் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்தார்கள். அதில் மூன்று பேர் காற்று வந்த பக்கம் பார்த்து. குணேஸ்வரியின் ஒற்றைச் செருப்பைத் தேடி ஐந்து தரம் சுற்ற வேண்டியிருந்தது.

சனிக்கிழமை அப்படியில்லை. கூட்டாளி பாக்கியரத்தினத்தோடு வெளிக்கடலுக்குப் பாரை மீன் பிடிக்கப் போகிற நாள். மூன்று மாதமாகப் பார்த்திருந்த நாள். ஆகவே, படகு வெள்ளிக்கிழமை சுகமில்லாமல் கிடக்க வேண்டும். சனிக்கிழமை விடிய எழும்பி ஓட வேண்டும். திட்டம் அவ்வளவுதான். என்ன சொன்னாலும் தலையாட்டுவதாக றுவைஸ் ஒத்துக்கொண்டிருந்தான்.

குணரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் கீழே புகுந்தார். நாய் எழும்பி இடம் விட்டது. வைத்தியர் நெஞ்சைத் தட்டுகிற மாதிரி விரலை மடித்துத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, அடியில் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு என்று அறிவித்தார். சோக்குக் கட்டியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். றுவைஸ் தலையாட்டினான். இரண்டாவது வட்டம், தட்டினால் வெறும்பானைச் சத்தம் கேட்ட இடம். மூன்றாவது, இன்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட் இளக்கம். நான்காவது, இன்ஜின் விசிறியில் வளைவு. ஐந்தாவது, பெற்றோல் குழாயில் கசிவு. ஆறாவது, இருக்கைப் பலகை. பாரமான ஆட்கள் இருந்தால் அது தாங்காது என்றார். பெயர் சொல்லவில்லை.

இராசமலர் ஒன்றையும் மறுக்கவில்லை. ஒவ்வொரு வட்டத்தையும் குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினாள். பாவம், அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். இருபத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் குணரத்தினம் வென்றது அதுதான் முதல் தரம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அவள் கையிலிருந்த போனைக் காதில் வைத்தாள்.

"பாக்கியண்ணையோ? நான் மலர். இவருக்குச் சனிக்கிழமை வர ஏலாது. ஓம், படகில ஆறு இடம் பழுது. ஒட்டிக் காய ஒரு கிழமை செல்லும். ஆரு, சிவகுருநாதண்ணையின்ர படகோ? அதுவும் நல்லதுதான்."

சிவகுருநாதன். போன வருடம் பிடித்த பாரைக்கு இந்த வருடமும் கை விரித்து அளவு காட்டித் திரிகிற மனுசன். மாதத்துக்கு மாதம் அந்தப் பாரை அரை அடி வளர்ந்துகொண்டிருந்தது.

"இஞ்சாரும், போனை வைக்காதையும்," என்று குணரத்தினம் திரும்பவும் படகின் கீழே பாய்ந்தார். சாரத் தலைப்பால் முதல் வட்டத்தை அழித்தார். "இது வெடிப்பில்லை. பாசி."

"பானைச் சத்தம் எண்டனீங்கள்?"

"அது என்ர காது. நேற்றுத் தண்ணி போனது."

"போல்ட்?"

"இந்தா, இறுக்கியாச்சு."

"விசிறி வளைஞ்சிருக்கெல்லே?"

"வளைஞ்சுதான் இருக்கோணும். நேரா இருந்தா காத்துத்தான் வரும், படகு போகாது."

கசிந்த பெற்றோலைத் தொட்டு மணந்து பார்த்து, வெறும் கடல் தண்ணீர் என்று தீர்ப்புச் சொன்னார். கடைசியாகப் பலகையில் ஏறி நின்று மூன்று தரம் குதித்தார். றுவைஸ் இதற்கும் ஆறு தரம் தலையாட்டினான். ஒரு வட்டமும் மிஞ்சவில்லை.

இராசமலருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. "ஒருக்காப் போய் வர, திரும்பவும் பழுதாகாதோ?"

"ஒருக்காவோ? ஒரு நாளைக்கு நாலு தரம் போய் வரும் இந்தப் படகு. றுவைஸ் சாட்சி."

அவள் போனில், பாக்கியண்ணை, சனிக்கிழமை இவர் கட்டாயம் வருவார் என்று சொல்லி முடித்தாள். குணரத்தினத்துக்கு மூச்சு வந்தது. யோசித்துப் பார்த்தால் இதுவும் வெற்றிதான். ஒரே காலையில் இரண்டு.

இராசமலர் றுவைஸிடம் கையை நீட்டினாள்.

"தம்பி, உங்கட போனை ஒருக்காத் தாங்கோ. அக்காவோட கதைக்கோணும். என்ர போனில நேற்றே சார்ஜ் முடிஞ்சுது."

வெள்ளிக்கிழமை காலை கிளிவெட்டியிலிருந்து இரண்டு வான் வந்து நின்றன. நாலு தரம் ஓடும் படகென்று கேள்விப்பட்டு, அயலட்டைச் சனமும் சேர்ந்து இருபத்திமூன்று பேர். குணரத்தினம் முதல் தரத்துக்கு ஏழு பேரை ஏற்றினார். கரையில் மிச்சம் பதினாறு பேர்.