பூஜையில் வைத்த ஸ்பேனர்

“இன்னியிலேர்ந்து இந்த ஆத்து வண்டி ஷோரூம் வாசல மிதிக்காது!”

என் அப்பா வேதாந்தம் இப்படிச் சபதம் செய்தபோது அம்மா கொலுப்படியில் செட்டியார் பொம்மையை நேராக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் சபதங்களைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவருகிறவள் அவள். நடைப்பயிற்சிச் சபதம். சர்க்கரையை விடும் சபதம். பக்கத்து வீட்டுச் சதாசிவம் மாமாவோடு அரசியல் பேசாத சபதம். செட்டியார் பொம்மைக்கு இன்னும் மூக்கு இருக்கிறது. சபதங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

இந்தச் சபதத்துக்குக் காரணம் ஒரு துணி.

செங்கல்பட்டு பைபாஸ் பக்கம் இருக்கும் ஷோரூமில் பைக்கைச் சர்வீஸுக்கு விட்டிருந்தார். பில்லில் ஆயில், லேபர், வாட்டர் வாஷ் என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘துடைக்கும் துணி’ என்று ஒரு வரி. அந்தக் காசுக்கு ஒரு டீகூட வராது. ஆனால் அப்பா மதுராந்தகத்தில் அரசாங்கத் தணிக்கைப் பிரிவில் இருக்கிறவர். யானை போனால் விட்டுவிடுவார், வாலைப் பிடித்துக்கொள்வார்.

கவுண்டரில் இருந்தவள் என் பள்ளித்தோழி ஜெனிஃபர். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் முடித்தவள். எஞ்சினைப் பிரித்து மாட்டிவிட்டு, அதே கையைத் துடைத்துக்கொண்டு வந்து பில்லும் போடுவாள்.

“துடைக்கற துணிக்குக் காசா? எங்காத்துல கேட்டிருந்தா மூட்டை மூட்டையாத் தந்திருப்பேனேம்மா!”

“இன்னா அங்கிள், நாங்க இன்னா ஊதியா தொடைக்க முடியும்?”

“கோதையோட ஃப்ரெண்டாச்சேன்னு பாக்கறேன். இல்லேன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுத்துடுவேன்.”

“இழுங்க அங்கிள். மொதல்ல வண்டிய இழுத்துகினு போங்க, எடத்த அடைச்சுகினு கீது.”

அந்தக் கோதை நான்தான். பொத்தேரியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். தோழி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் என்றாலும், கொள்கை என்று வந்தால் எனக்குத் தாட்சண்யம் கிடையாது. அன்று சாப்பாட்டு மேசையில் பிரசங்கமே செய்தேன். வேலைக்குக் கூலி நியாயம். கூலி என்ற பெயரில் கம்பெனி அடிப்பது அநியாயம். அந்த லேபர் சார்ஜில் எண்ணெய்க் கையோடு குனிந்து நிமிர்கிறவனுக்கு எவ்வளவு போகிறது என்று யாராவது கேட்டார்களா? அப்பா பூரித்துப்போய்த் தன் அப்பளத்தை எனக்குத் தந்தார்.

“கேட்டியா ரோகிணி? கொழந்தையே சொல்றா. இனிமே சர்வீஸ் நானே பண்ணப் போறேன். யூட்யூப்ல எல்லாம் இருக்கு.”

அம்மா மெதுவாகக் கேட்டாள். “அப்போ சர்வீஸுக்குன்னு இனிமே செலவே கிடையாதா?”

“கிடையாது.”

“நெஜமாவா?”

“பூஜ்யம்!”

அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். வழக்கத்தைவிடத் தாராளமாக. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இங்கே எங்கள் வீட்டுப் பழைய வழக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா திருக்கழுக்குன்றத்தில் கணக்கு டீச்சர். தினமும் மாமல்லபுரம் பஸ்ஸில்தான் போக வேண்டும். கடற்கரைக் கோயிலைப் பார்க்கப் போகும் கூட்டம் செங்கல்பட்டிலேயே எல்லா சீட்டிலும் உட்கார்ந்துவிடும். அம்மா கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, யாரோ ஒருவரின் பையை முதுகில் தாங்கியபடி, பரீட்சைப் பேப்பர் கட்டை மார்போடு அணைத்தபடி போவாள். ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் முதலில் கேட்டபோது நான் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அப்பாவின் பதிலில் ஓர் எழுத்து மாறவில்லை.

“வாங்கறது பெரிசில்ல ரோகிணி. சர்வீஸ்! ஒரு வண்டிக்கே நாக்குத் தள்றது. ரெண்டாவதுக்கு யார் அழறது?”

எங்கள் வீட்டில் சம்பளம் அம்மாவுடையது, சம்மதம் அப்பாவுடையது. பெண் முன்னேற்றம் பற்றி வாட்ஸப்பில் வரும் எல்லாவற்றையும் அப்பா தவறாமல் எங்களுக்கு அனுப்புவார். அனுப்பிவிட்டு, “அந்தக் காபி என்னாச்சு?” என்பார்.

“உன் பணத்துல நீ வாங்கேம்மா, அவர எதுக்குக் கேக்கற?” என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

“வாங்கலாம்டி. அப்புறம் ஒவ்வொரு பங்க்சருக்கும் ‘நான் அப்பவே சொன்னேன்’னு ஆரம்பிப்பாரே, அத ஆயுசு முழுக்க யார் கேக்கறது? சரின்னு அவர் வாயாலயே வரணும்.”

ஆயுத பூஜை வந்தது. ஆபீஸ் லீவு. அப்பா புதுசாக ஒரு ஸ்பேனர் செட் வாங்கிவந்திருந்தார். அதன் விலையை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொள்கைக்கு விலை பேசக் கூடாது.

முதல் வேலையாக என் லாப்டாப்பைப் பிடுங்கினார்.

“சரஸ்வதி பூஜை. படிக்கப்படாது. கொண்டு போய்ப் பூஜைல வை.”

“அசைன்மென்ட் இருக்குப்பா! பேராசிரியர்கிட்ட சரஸ்வதி வந்து சாட்சி சொல்லுவாளா?”

“பூஜைல வெச்ச பொருள மறுநாள் புனர்பூஜை ஆகாம தொடப்படாது. சாஸ்திரம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

இந்த வாக்கியத்தை அம்மா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து, போனைத் தொட்டிச்செடியில் சாய்த்து வைத்து, வேலையை ஆரம்பித்தார். வீடியோக்காரர் “ரொம்ப சிம்பிள் ஃப்ரெண்ட்ஸ்” என்று சொல்லும்போதெல்லாம் அப்பாவும் “ரொம்ப சிம்பிள்” என்றார். ஏர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே தூசி போகாமலிருக்க அந்தத் துவாரத்தில் துணியை வைத்து அடைக்கச் சொன்னார் வீடியோக்காரர். அப்பாவின் முகம் மலர்ந்தது. தன் பழைய பச்சைக்கரை வேஷ்டியில் ஒரு துண்டு கிழித்து எனக்குக் காட்டினார்.

“பாத்தியா? ஆத்துத் துணி. இதுக்குத்தான் அவா காசு கேட்டா.”

செயினுக்கு ஆயில் வாங்க மறந்துவிட்டது. அதனால் என்ன? சுவாமி விளக்கு நல்லெண்ணெய் இருந்தது. தாராளமாக விட்டார். எங்கள் வண்டி எள்ளுருண்டை போல மணத்தது.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிக்கரை உதைத்தார்.

வண்டி இருமியது. அவ்வளவுதான்.

மறுபடி உதைத்தார். மறுபடியும். மதில் மேல் சதாசிவம் மாமாவின் தலை எழுந்தது.

“என்ன ஓய் வேதாந்தம், தேகப்பயிற்சியா?”

“வார்ம்-அப் ஓய். வண்டிக்கு!”

“வண்டிக்குச் சூடு ஏறின மாதிரி தெரியலயே. உமக்குத்தான் வேர்த்துக் கொட்றது.”

அப்பா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஜாதகம் பார்க்கும் ஜோசியரைப் போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு தோஷமும் இல்லை. அந்த நேரம் பார்த்து அம்மா தாம்பாளத்தோடு வாசலுக்கு வந்தாள்.

“ஏன்னா, ராகுகாலம் வரதுக்குள்ள பூஜை ஆகணும். ஆயுதமெல்லாம் எடுத்துக்கறேன்.”

“இரு இரு, இன்னும் முடியல!”

அதற்குள் ஸ்பேனர் எல்லாம் தாம்பாளத்தில் ஏறிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரும் ஏறியது. அப்பா கையிலிருந்த பிளக்கையும் பக்குவமாக வாங்கிக்கொண்டாள். அவர் பின்னாலேயே ஓடிவருவதற்குள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, என் லாப்டாப்புக்குப் பக்கத்தில் அடுக்கிக் கற்பூரமும் காட்டியாகிவிட்டது.

“ரோகிணி! அது வண்டியோட பிளக்குடி!”

“இருந்தா என்னன்னா? வண்டியும் ஆயுதம்தானே.”

“அது இல்லாம எப்படி ஸ்டார்ட் பண்றது?”

“இருந்தப்போ மட்டும் ஆச்சா?”

“நான் இப்பவே எடுத்து...”

“பூஜைல வெச்சத புனர்பூஜை ஆகாம தொடப்படாது,” என்றேன் நான். “சாஸ்திரம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்பளத்தைத் திருப்பிக் கேட்கும் தொனி இருந்தது.

சாயங்காலம் அப்பா பக்கத்துத் தெரு ராமர் கோயிலுக்கு நடந்தே போனார். ராமனிடம் வண்டியைப் பற்றி முறையிடத்தான் என்று நினைக்கிறேன். அவர் தலை மறைந்ததும் ஜெனிஃபர் கொலு பார்க்க வந்தாள். தோளில் பை. பைக்குள் டூல் கிட்.

“உங்க ஷோரூம்ல பூஜை இல்லியாடி?” என்றேன்.

“ஷோரூம் ஸ்பேனரெல்லாம் சாமிகிட்ட படுத்துகினு கீது. இது என் சொந்தம். எங்க வூட்ல ஏது ஆயுத பூஜை? என் ஸ்பேனருக்கு நாயித்துக்கெழம மட்டும்தான் லீவு.”

சுண்டல் கிண்ணத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றிவந்தாள். செயின் பக்கம் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

“இன்னா ஆன்ட்டி, எறும்புக்கு கல்யாண விருந்தா?”

அதைத் துடைத்துச் சரியான ஆயில் விட்டாள். பிறகு ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டாள். பச்சைக்கரை வேஷ்டித்துண்டு, மந்திரவாதி தொப்பியிலிருந்து வருவது போல நீளமாக வெளியே வந்தது. அடைத்த துணியை எடுக்காமலே அப்பா மூடியை மாட்டியிருக்கிறார்.

“மூக்குல துணிய வச்சு அடச்சா எவன்டி மூச்சு வுடுவான்?” சிரித்துச் சிரித்து அவளுக்குச் சுண்டல் புரையேறியது. “எங்ககிட்ட துணிக்கு டப்பு குடுக்க மாட்டேன்னாரு. சொந்தத் துணியப் போட்டு வண்டியையே சாவடிச்சிட்டாரு!”

“வண்டி இப்போ ஓடுமா?” என்றாள் அம்மா.

“நாளிக்கு அங்கிள் அந்த பிளக்க மாட்டினா ஒரே ஒத. கெளம்பிடும்.”

“அவர்தான் சரிபண்ணினதா நினைச்சுப்பாரா?”

“கேக்கணுமா ஆன்ட்டி!”

எனக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, இது மோசடி! கூப்பிட்டு முகத்துக்கு நேரா துணியக் காட்டு. வாதத்துல அடி!”

“வாதப்போட்டில கப்பு வாங்கி என்னடி பிரயோஜனம்?” துணியை வாங்கி மடித்து மறுபடி ஜெனிஃபர் கையிலேயே கொடுத்தபடி அம்மா சொன்னாள். “இப்போ காட்டினா அவர் தோத்துப் போவார். தோத்த மனுஷன் ஆத்துல எதுக்காவது சம்மதிச்சு நீ பாத்திருக்கியா? ஜெயிக்க விடு.”

மறுநாள் விஜயதசமி. புனர்பூஜை ஆனதும் நான் லாப்டாப்பிடமும் அப்பா பிளக்கிடமும் ஓடினோம். வண்டிக்கு மாலை போட்டாயிற்று. அம்மா எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டை வைத்தாள். கூடையில் இன்னும் இரண்டு இருந்தன. அப்பா கவனிக்கவில்லை. தணிக்கைப் பிரிவு!

பிளக்கை மாட்டினார். பெருமாளே என்று ஒரு உதை.

வண்டி சிங்கம் போலக் கர்ஜித்தது. ஓரடி முன்னால் நகர்த்தியதும் எலுமிச்சம்பழம் சப்பென்று நசுங்கியது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு தேஜஸை நான் பார்த்ததே இல்லை. மதிலைப் பார்த்தார். சதாசிவம் மாமா தயாராக இருந்தார்.

“கேட்டீரா ஓய் சத்தத்த! சொந்தக் கை, சொந்தத் துணி! ஷோரூம்காரனுக்கு தண்டம் அழுவீரே, நான் அழுதேனா? செலவு பூஜ்யம்!”

“பலே ஓய்!” என்றார் மாமா.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். குரலில் கற்கண்டு.

“ஏன்னா, அப்போ எனக்கு ஒரு ஸ்கூட்டி வந்தாலும் சர்வீஸ் நீங்களே பண்ணிடுவேளா?”

“ஒண்ணு என்னடி, பத்து கொண்டு வா!”

“பத்து எதுக்குன்னா? ஒண்ணு போறும்.”

தெருமுனையில் ஹார்ன் சத்தம் கேட்டது. நீல நிறத்தில் ஒரு புது ஸ்கூட்டி, முன்னால் மல்லிகைச் சரம். ஓட்டிவந்தவள் ஜெனிஃபர். எங்கள் வாசலில் நிறுத்தி, சாவியை அம்மாவிடம் நீட்டினாள்.

“விஜயதசமி டெலிவரி ஆன்ட்டி. ஜில்லுனு கீது.”

அம்மா மீதி இரண்டு எலுமிச்சம்பழத்தையும் அதன் சக்கரங்களுக்கடியில் வைத்தாள். பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த லைசென்ஸை நேற்றே கைப்பையில் எடுத்து வைத்துவிட்டாள் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் சக டீச்சர் வண்டியில் ஓட்டிப் பழகி எடுத்ததாம்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். ஸ்கூட்டியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். “ரோகிணி... அந்த சர்வீஸ்...”

“செலவு பூஜ்யம்னீரே ஓய்!” மதில் மேலிருந்து அசரீரி கேட்டது.

ஆனால் ஜெயித்த மனிதர் அல்லவா? சட்டென்று சமாளித்து, ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“சரி. சொன்னா சொன்னதுதான். இதுக்கும் நானே பாத்துக்கறேன். இப்பவே ஒரு தடவ திறந்து பாத்துடலாமா?”

அம்மா சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். “வேண்டாம்னா. இத நான் ஷோரூம்லயே விட்டுக்கறேன்.”

“ஏன்? என் வண்டி ஒரே உதைல கிளம்பலயா? துணிக்கெல்லாம் காசு புடுங்கற எடத்துக்கு எதுக்குடி போகணும்? பின்னாடி ஏதாவது ஆச்சுன்னா, நான் அப்பவே சொன்னேன்னு...”

அம்மா ஜெனிஃபரைப் பார்த்தாள்.

ஜெனிஃபர் ஸ்கூட்டியின் சீட்டைத் தூக்கி, நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள். பச்சைக்கரை. அப்பா அதைப் பார்த்தார். தன் பைக்கின் ஏர் ஃபில்டரைப் பார்த்தார். மதில் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

“தோச்சு இஸ்திரி போட்டு எடுத்தாந்துகீறேன் அங்கிள்,” என்றாள் ஜெனிஃபர். “துணிக்கு காசு வேணாம்.”